எல்லையைத் தள்ளிக் கட்டிய வருஷம்

1924ஆம் ஆண்டு ஆடி மாதம் இரண்டாம் வெள்ளிக்கிழமை மாலை ஆறரை மணிக்கு, பதுளை அம்மன் கோயில் திருவிழாவுக்கான எல்லைக்கட்டு, வழக்கமான மதகடியில் நடக்காமல், ஸ்டேஷன் ரோட்டில் அரை மைல் தள்ளி, வீடு வாசல் இல்லாத ஒரு வளைவில் நடந்தது.

இது கதிர்காமநாதனுக்கு நேர்ந்தது. பண்டாரவளையில் மரக்கறிக் கடை வைத்திருக்கிறாரே பாலசுப்பிரமணியம், அவருடைய தங்கை புருஷன். பாலசுப்பிரமணியத்தை உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். ஒன்றை இரண்டாக்கிச் சொல்கிற ஆள் இல்லை. அவர் சொன்னது சொன்னபடி... கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. அந்தக் கதவைச் சாத்திவிட்டு இப்படி நெருங்கி உட்காருங்கள்.

அந்த வருஷம் பெப்ரவரியில்தான் பதுளைக்கு ரயில் வந்தது. வந்த ஆறே மாதத்தில் ஊர் வீங்கிவிட்டது. மதகுக்கு இந்தப் பக்கம் பழைய டவுன்: கடைத்தெரு, கோயில், ஆஸ்பத்திரி, தெருவிளக்கு, குழாய்த் தண்ணீர். மதகுக்கு அந்தப் பக்கம் ஸ்டேஷன் வரைக்கும் அதுவரை மானாப்புல்லும் கொய்யாப் புதரும்தான். இப்போது அங்கே முப்பத்திரண்டு கடைகள். பாதிக்குத் தகரக் கூரை, பாதிக்குச் சாக்குப் படுதா. விடிந்தால் தேயிலைப் பெட்டி ஏற்றிய வண்டிகள் வரிசையில் நிற்கும். மாட்டு மூத்திரமும் தூசியும் சேர்ந்து ரோடே புளித்த வாடை அடிக்கும். குழாய் இல்லை. பெண்கள் குடத்தை எடுத்துக்கொண்டு மதகைத் தாண்டிப் போய், பழைய டவுன்காரிகளின் ஏச்சைக் கேட்டு, தண்ணீர் கொண்டுவர வேண்டும். தெருவிளக்கும் மதகின் பழைய டவுன் கரையோடு சரி. கடைசி விளக்குக்கம்பத்துக்கு அப்பால் இருட்டு.

கதிர்காமநாதன் பங்குனியிலேயே அந்தப் புது ரோட்டில் பலசரக்குக் கடை போட்டுவிட்டார். கடைக்குப் பின்னால் இரண்டு அறை. அதில் அவரும் மனைவி மீனாம்பாளும். மீனாம்பாள் முழுகாமல் இருந்தாள். முதல் இரண்டும் தங்கவில்லை. இரண்டாவது தடவை அவளே போயிருக்க வேண்டியவள். இராக்கம்மா என்ற மருத்துவச்சி ஒரு ராத்திரி முழுக்கப் போராடி இழுத்துப் பிடித்தாள். இந்தத் தடவையும் இராக்கம்மா இருந்தால்தான் பெறுவேன் என்று மீனாம்பாள் சொல்லிவிட்டாள். இராக்கம்மா வீடு கோயிலுக்குப் பக்கம், பழைய டவுனில்.

சிக்கல் அங்கேதான். இராக்கம்மா குறித்த நாள் சரியாகத் திருவிழா வாரத்தில் விழுந்தது. எல்லை கட்டிவிட்டால் எட்டு நாளைக்கு உள்ளே இருப்பவர்கள் வெளியே போய் இராத் தங்கக் கூடாது. இராக்கம்மா அம்மனுக்குக் காப்புக் கட்டுகிறவள். மதகடியில் எல்லை கட்டினால் புது ரோட்டில் வந்து ஓர் இரவு தங்கமாட்டாள்.

மீனாம்பாளைப் பழைய டவுனுக்கே கொண்டு போகலாமே என்று கேட்பீர்கள். ரயில் வந்ததிலிருந்து கடைத்தெருவில் ஓர் அறை காலியில்லை. ரயில்வே ஆட்கள் அறைக்குப் பத்துப் பேர் படுத்திருந்தார்கள். பண்டாரவளைக்கு அனுப்பு என்றார் பாலசுப்பிரமணியம். ஒன்பதாம் மாதத்தில் ரயில் ஆட்டம் ஆகவே ஆகாது என்று இராக்கம்மா தடுத்துவிட்டாள்.

ஆகவே கதிர்காமநாதன் புது ரோட்டுக் கடைக்காரர்களைக் கூட்டிக்கொண்டு கோயில் கூட்டத்துக்குப் போனார்.

"வரி கேக்கும்போது நாங்க டவுனு. வெளக்குக் கேட்டா நாங்க காடு. சரி, அது சபைக்காரங்க வெவகாரம். அம்மனுமா எங்களைக் காட்டுல விடணும்? எல்லையைத் தள்ளிக் கட்டுங்க."

பழைய கடைத்தெருப் பெரியவர் ஒருவர் சிரித்தார். "போன மாசம் போட்ட தகரக் கொட்டகைக்கெல்லாம் எல்லை கட்டணும்னா, அடுத்த வருஷம் பண்டாரவளை வரைக்கும் கட்டச் சொல்லுவீங்களே!"

"கட்டினா என்னங்க, உங்க கடைக்குச் சாமான் அந்த வழியாத்தானே வருது."

கூட்டம் சிரித்தது. பேச்சு கதிர்காமநாதன் பக்கம் சாய்ந்தது. பூசாரி மாரிசாமி மட்டும் வாயே திறக்கவில்லை. அறுபது தாண்டியவர். சின்ன வயதில் தோட்டத்து ஆளாக வந்து, கோயிலோடு தங்கிவிட்டவர். கூட்டம் கலைந்த பிறகு கதிர்காமநாதனை மடப்பள்ளிப் பக்கம் கூப்பிட்டார்.

"தம்பி, மதகுல எல்லை கட்டினது சும்மா இல்லீங்க. அங்கிட்டு ஆளுங்க கெடக்காங்க."

"எந்த ஆளுங்க?"

மாரிசாமி தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். நாற்பது வருஷத்துக்கு முந்தி, வாந்திபேதிக் காலம். கடலுக்கு அக்கரையிலிருந்து வந்த ஒரு கூட்டம் கால்நடையாக இந்தப் பக்கம் வந்தது. லுணுகலைப் பக்கத் தோட்டத்துக்குப் போகிற ஆட்கள். பதுளையைத் தாண்டித்தான் போக வேண்டும். வழியிலேயே நோய் பிடித்துவிட்டது. ஊருக்குள் விடக் கூடாது என்று கடைத்தெருக்காரர்கள் மதகடியில் பன்னிரண்டு பேரை நிறுத்தினார்கள். ஆளுக்கு ஒரு மூங்கில்.

"ஏழு முழ மூங்கில்ங்க. தொடாமத் தள்ளணும்ல. மொதல்ல தள்ளினோம். போகலை. குத்தினோம். பெறகு... அடிச்சோம். நம்ம ஊருப் பேச்சுத்தான் பேசுனாங்க. ஒரு பொம்பள என்னைய 'அண்ணே'ன்னா. அவளைத்தான் நான் குத்தினேன்."

"செத்தாங்களா?"

"ரெண்டு நாள் அங்கனயே கெடந்தாங்க. மூணாம் நாள் பள்ளம் வெட்டிச் சுண்ணாம்பு கொட்டச் சொன்னாங்க. கொட்டினோம். கொட்டயில ரெண்டு பேரு இருமுனாங்க."

மாரிசாமி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அவங்க வெளிய இருக்கட்டும்னுதான் வருஷா வருஷம் மதகுல கட்டுறோம். நீங்க தள்ளிக் கட்டச் சொன்னா, அவங்களை உள்ள வச்சுக் கட்டுற மாதிரி ஆயிரும்ங்க."

கதிர்காமநாதனுக்கு அந்தப் பள்ளம் எங்கே என்று தெரியும். கடைக்கு அடித்தளம் வெட்டும்போது சுண்ணாம்புக் கட்டியோடு எலும்பு வந்தது. கூடை சுமந்த பெண்கள் தொடமாட்டோம் என்று நின்றுவிட்டார்கள். கட்டட வேலை எடுத்த கொந்தராத்துக்காரன் இரண்டு ஆளை வைத்து, எல்லாவற்றையும் மண்ணோடு மண்ணாக ரோட்டுப் பள்ளத்தில் தள்ளி மேலே கல் போட்டு இடித்துவிட்டான். கதிர்காமநாதன் பக்கத்தில் நின்று பார்த்தார். கடை திறக்க நாள் குறித்தாயிற்று. ஒன்றும் பேசவில்லை.

இப்போதும் அவர் இவ்வளவுதான் சொன்னார்.

"செத்தவங்க செத்துட்டாங்க, பூசாரி. எம் பொண்டாட்டி உயிரோட இருக்கா."

வெள்ளிக்கிழமை அந்தி. காற்று தூசியை வாரி வாரி இறைத்தது. வளைவில் ஒரு சாண் குழி தோண்டி, எலுமிச்சம்பழமும் கரியும் வைத்து, மாரிசாமி வேப்பங்கட்டையை அடித்து இறக்கினார். இரத்தச் சோறு வீசினார். எல்லைக்கட்டில் பேசக் கூடாது, மேளமும் கூடாது. பின்னால் நின்ற முப்பது பேரும் மூச்சுவிடாமல் நின்றார்கள். கட்டை இறங்கியதும் காற்று நின்றது. சட்டென்று... யாரோ கையால் பொத்தினாற் போல. மழை பெய்து நாற்பது நாளாகியிருந்தது. ஆனால் எல்லோர் மூக்கிலும் ஒரே வாடை. ஈரச் சுண்ணாம்பு.

சனிக்கிழமை அந்தியில் முதல் ஆள் அடிபட்டான். தகரம் தட்டுகிற புஹாரி. மஃரிப் தொழுகைக்குப் புது ரோட்டிலிருந்து பள்ளிவாசலுக்குப் போனவன், கால் மணி நேரத்தில் முழங்கைக்குக் கீழே கை தொங்கத் திரும்பி வந்தான். நெஞ்சுக்குக் குறுக்கே இரண்டு விரல் அகலத்துக்குக் கன்றிப் போயிருந்தது.

"மதகுல கம்பால குத்துறானுங்க. ஒத்தனையும் கண்ணால காணல்ல."

பக்கத்துக் கொட்டகையில் வண்டிக்கார ஸஹாப்தீன் இருந்தான். எதற்கும் சிரிக்கிறவன். "ஊரெல்லாம் நீ தட்டினாய். இண்டைக்கு உன்னைத் தட்டிட்டானுங்க" என்றான். அவன் மனைவி ஸைனப் அவனை முறைத்துவிட்டு, புஹாரியின் கைக்குத் துணி கட்டினாள்.

பழைய டவுன்காரர்கள்தான் ஆள் வைத்து அடிக்கிறார்கள் என்று புது ரோட்டில் பேச்சு. புது ரோட்டுக்காரர்கள் குடித்துவிட்டு உருளுகிறார்கள் என்று பழைய டவுனில் பேச்சு. ஞாயிறு மாலை சரக்குக் கொட்டகை ஆட்கள் மூன்று பேர், பார்த்துவிடுவோம் என்று, கையில் கடப்பாரையோடு போனார்கள். இருவர் ஓடி வந்தார்கள். மூன்றாமவனைப் பொழுது விடிந்துதான் எடுத்தார்கள். விலா எலும்பு ஆறு முறிந்து உள்ளே இறங்கியிருந்தது. புஹாரி விஷயத்தை விசாரிக்க அதே ஞாயிறு அந்தியில் வந்த கான்ஸ்டபிள் பழைய டவுனிலிருந்து சாதாரணமாக மதகைத் தாண்டி வந்தான். அன்றே இருட்டியதும் திரும்பிப் போனவனுக்குத் தாடை போயிற்று.

அப்போதுதான் எல்லோருக்கும் புரிந்தது. பகலில் ஒன்றும் இல்லை. பழைய டவுனிலிருந்து புது ரோட்டுக்கு வந்தாலும் ஒன்றும் இல்லை. விளக்கு ஏற்றிய பிறகு, புது ரோட்டிலிருந்து பழைய டவுனுக்குள் போகிறவனைத்தான் விடுவதில்லை. கதிர்காமநாதனுக்கு மாரிசாமி சொன்ன அந்தப் பன்னிரண்டு பேர் ஞாபகம் வந்தது. வேறு வழியும் கிடையாது. ஒரு பக்கம் ஓயா ஆறு. மறுபக்கம் ரயில் பாதைக்காக வெட்டின செங்குத்துப் பள்ளம்.

திங்கள் காலை கதிர்காமநாதன் இராக்கம்மா வீட்டுக்கு ஓடினார். அவள் வாசற்படியில் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தாள்.

"ஆத்தா, இன்னைக்கே வந்து தங்கிக்கோங்க. எங்க ரோடும் இப்ப எல்லைக்குள்ளதானே."

"எல்லைக்குள்ளதான். ஆனா அந்தப் பக்கம் வந்து மாட்டிக்கிட்டு, இங்கிட்டு ஒருத்திக்கு ராத்திரி வலி கண்டா நான் எப்படி வர்றது? கடைத்தெருவுல மூணு பொண்ணுக நாள் பாத்து உக்காந்திருக்கு." அவள் எச்சிலைத் துப்பினாள். "மீனாவைக் கொண்டாந்துரு. எங்க ஆளுகளை வெளித் திண்ணைக்குத் தள்ளிட்டு உள்ளாற படுக்க வச்சுக்கிறேன். இன்னும் நாலு நாளு இருக்கு, பதறாத."

நாளைக் காலை கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தார். அன்றே கொண்டு போயிருக்கலாம். ஸஹாப்தீனின் வண்டி அன்று முழுக்க ஸ்டேஷன் சுமைக்குப் பேசியாயிற்று. மற்ற வண்டிகளும் அப்படியே. ஒரு நாள்தானே என்று நினைத்தார்.

மாலை ஐந்தே முக்காலுக்குப் பனிக்குடம் உடைந்தது.

ஸைனப் ஓடி வந்தாள். அவள் நாலு பெற்றவள். சேலையை விலக்கிப் பார்த்தவள் முகம் மாறிவிட்டது. கதிர்காமநாதனை வாசலுக்கு இழுத்து வந்தாள்.

"மொதலாளி, புள்ளைட கை முன்னுக்கு வந்திருக்கு. என்னால ஏலாது. விடியும்வரை வச்சிருந்தா ரெண்டும் போயிடும்."

ஸஹாப்தீன் வண்டியிலிருந்த தேயிலைப் பெட்டிகளை உருட்டித் தள்ளிவிட்டு ஓட்டிக்கொண்டு வந்தான். அப்போதே மணி ஆறே முக்கால். மதகின் அந்தக் கரையில் விளக்கேற்றியாயிற்று. வைக்கோலைப் பரப்பி மீனாம்பாளைக் கிடத்தினார்கள். தலைமாட்டில் ஸைனப். கதிர்காமநாதன் கடையில் கிடந்த மண்வெட்டிக் காம்பை எடுத்தார்.

"அது எதுக்கு மொதலாளி? காணாத ஆளை எங்க எண்டு அடிக்கிற?" என்றான் ஸஹாப்தீன். சிரிக்கவில்லை.

நானூறு கஜம். புது ரோட்டில் ஒவ்வொரு கடையிலும் படுதாவை விலக்கிப் பார்த்தார்கள். ஒருவரும் கூட வரவில்லை. சக்கரம் கல்லில் ஏறி இறங்கும்போதெல்லாம் மீனாம்பாள் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரே ஒரு சத்தம் போட்டாள். மதகு தெரிந்தது. அதற்கு அப்பால் விளக்கு. விளக்கின் கீழே ஒரு ஆள்... வெற்று மேல், இடுப்பில் மஞ்சள் துண்டு. மாரிசாமி. மூன்று நாளாக அந்தி நேரத்தில் வந்து அங்கே நிற்கிறாராம். யாரும் அவரை ஒன்றும் செய்யவில்லை.

"வராதீங்க!" என்று அங்கிருந்தே கத்தினார். "தம்பி, திரும்பிப் போயிருங்க!"

அந்த வாடை வந்தது.

மாடுகள் நின்றன. ஸஹாப்தீன் நுகத்தில் தட்டினான். ஓர் அடி வைத்தன. விளக்கு மறைந்தது. உடனே தெரிந்தது. மறுபடி மறைந்தது. ஆட்கள் தோளோடு தோள் வரிசையாக நின்று அசைந்தால், இடைவெளியில் வெளிச்சம் வந்து வந்து போகுமே... அப்படி. ஆனால் மதகின் மேல் ஒருவரும் இல்லை.

டக். வலத்து மாட்டின் நெற்றியில். காய்ந்த மூங்கில் எலும்பில் பட்ட சத்தம். மாடு முழங்கால் மடங்கி அப்படியே சாய்ந்தது. நுகம் முறிந்தது. வண்டி முன்னால் குத்திட்டது. மீனாம்பாள் அலறினாள். ஸஹாப்தீன் கீழே குதித்து, சாய்ந்த நுகத்தைத் தோளில் தாங்கினான். ஒரு குத்து அவன் நெஞ்சில். இன்னொன்று வயிற்றில். அவன் நுகத்தை விடவில்லை. "புள்ளத்தாச்சிடா!" என்று கத்தினான். "மனுசனா நீங்க? புள்ளத்தாச்சி!" அடுத்தது தொண்டையில் இறங்கியது. பேச்சு அதோடு நின்றது. அவன் நுகத்தின் மேலேயே மடிந்தான்.

கதிர்காமநாதன் காம்பைச் சுழற்றிக்கொண்டு பாய்ந்தார். காற்றைத்தான் அடித்தார். அடி மட்டும் அவர் மேல் விழுந்தது. தோளில். மணிக்கட்டில், எலும்பு பொடிந்த சத்தம் அவருக்கே கேட்டது. முகத்தில். ஒரு முனை நெஞ்சுக் குழியில் வந்து நின்றது. குத்தவில்லை. தள்ளியது. நிதானமாக, தொடக் கூடாததைத் தள்ளுகிற மாதிரி... பின்னால், பின்னால், வண்டிச் சக்கரத்தோடு முதுகு முட்டும் வரை தள்ளியது. இரத்தம் வாயில் உப்பாக வந்தது. தலைக்கு மேலே, வண்டிக்குள், மீனாம்பாளின் சத்தம் குறைந்துகொண்டே போயிற்று. அதுதான் அவருக்குப் பயம். கத்துகிறவரை உயிர் இருக்கிறது.

"மொதலாளி," ஸைனப்பின் குரல், "கண்ணைச் சொருகுறா!"

அப்போது வண்டிக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. பக்கத்திலேயே. ஒரு பெண். நெடுந்தூரம் நடந்து வந்தவளுக்கு வருகிற மாதிரி வறண்ட தொண்டை.

"அண்ணே... நாங்க வரலாமா?"

கதிர்காமநாதன் அசையவில்லை. மூங்கில் முனை நெஞ்சிலேயே இருந்தது. 

"அண்ணே, ரொம்ப நேரமா நிக்கிறோம். உள்ள வரலாமா?"

"சொல்லாதீங்க!" அக்கரையில் மாரிசாமி இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு அலறினார். "தம்பி, ஒத்த வார்த்த சொல்லிராதீங்க! ஊரு முழுக்கப் பிள்ளகுட்டிங்க இருக்கு! சொல்லிராதீங்க!"

கதிர்காமநாதனுக்கும் தெரியும். ஊர் தெரியும். இராக்கம்மா சொன்ன மூன்று பெண்கள் தெரியும். கோயிலில் அன்று சிரித்த பெரியவர் வீட்டில் ஏழு பேரன் பேத்திகள் என்று தெரியும். வாந்திபேதி எப்படி வரும் என்று சின்ன வயதில் பார்த்திருக்கிறார். வண்டிக்குள் சத்தம் நின்றிருந்தது.

"வாங்க," என்றார் கதிர்காமநாதன். வாயில் இருந்த இரத்தத்தைத் துப்பிவிட்டுத் திரும்பச் சொன்னார். "வாங்க. எல்லாரும் உள்ள வாங்க."

நெஞ்சிலிருந்து முனை விலகியது.

மூங்கில் ஒன்று கல்லில் விழுந்து உருண்டது. பிறகு இன்னொன்று. பிறகு வரிசையாக, சடசடவென்று. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. சத்தம் மட்டும். பிறகு நடை. வெறுங்காலால் தூசியில் நடக்கிற மெத்தென்ற சத்தம். வண்டியின் இரண்டு பக்கமும் கடந்து போயிற்று. அக்கரை விளக்கு மறைந்து மறைந்து தெரிந்தது. மாரிசாமி ரோட்டின் நடுவிலிருந்து ஒதுங்கினார். அவர் தலை இடமிருந்து வலமாகத் திரும்பியது. மறுபடி இடப்பக்கம் வந்தது. ஒவ்வொருவராக அவரைக் கடந்து போகிறார்கள், அவர் ஒவ்வொரு முகத்தையும் பார்க்கிறார்... அப்படித்தான் இருந்தது. ஓரிடத்தில் தலை நின்றது. நெடுநேரம் நின்றது. பிறகு அவர் விளக்குக் கம்பத்தில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துவிட்டார். இவர்கள் அவரைக் கடந்து போகும்போது கண் திறந்திருந்தது. மூச்சு இல்லை.

ஸைனப் வண்டியிலிருந்து இறங்கி ஸஹாப்தீனைத் தொட்டுப் பார்த்தாள். கழுத்தில் கை வைத்தாள். எடுத்தாள். அழவில்லை.

"தலைமாட்டை நீங்க பிடிங்க மொதலாளி. கால்மாட்டை நான் பிடிக்கிறன்."

மீனாம்பாளைச் சாக்கில் கிடத்தித் தூக்கினார்கள். அவருக்கு ஒரு கைதான். பல்லால் சாக்கைக் கவ்விக்கொண்டு நடந்தார். கடைத்தெரு வழியாகத்தான் போக வேண்டும். இரண்டு பக்கமும் வீடுகள். போகப் போக ஒரே சத்தம். கதவு தட்டுகிற சத்தம். இவர்களுக்கு முன்னால், ஒவ்வொரு வீடாக. மெதுவாக, வழிப்போக்கர்கள் தண்ணீர் கேட்டுத் தட்டுகிற மாதிரி மூன்று தட்டு. உள்ளேயிருந்து தாழ்ப்பாளைத் திறந்தார்கள். விளக்கைத் தூக்கி வாசலைப் பார்த்தார்கள். யாருமில்லை என்று மூடினார்கள். அடுத்த வீடு. அதற்கு அடுத்த வீடு.

இராக்கம்மா வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது. அவள் நிலையைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க இப்பத்தானே வர்றீங்க?" என்றாள். "அப்ப முந்தி வந்து தட்டினது யாரு? 'ஆத்தா'ன்னு கூப்பிட்டுச்சே. பொம்பளக் கொரலு. வான்னு சொல்லிட்டுத் தொறந்தேன், ஆளைக் காணோம்."

கதிர்காமநாதன் மீனாம்பாளைப் பாயில் இறக்கினார். இராக்கம்மா நல்லெண்ணெயைக் கையில் வழித்துக்கொண்டு உட்கார்ந்தாள். இரண்டு மணி நேரம் பாடுபட்டாள். கையை உள்ளே தள்ளி, பிள்ளையைத் திருப்பி, காலைப் பிடித்து எடுத்தாள். நடுநடுவே "தாகமா இருக்கு, அந்தச் செம்பை எடு" என்று ஸைனப்பிடம் கேட்டு, நாலு தடவை தண்ணீர் குடித்தாள். இரவு ஒன்பதேகாலுக்குப் பிறந்தது. பெண். நீலம் பாரித்திருந்தது. முதுகில் தட்டினாள். அழுதது.

விடிகாலை நாலு மணிக்கு இராக்கம்மாவுக்கு முதல் வாந்தி எடுத்தது. ஆறு மணிக்கெல்லாம் கடைத்தெருவில் பதினொரு வீட்டில் ஆள் விழுந்திருந்தது. செவ்வாய்க்கிழமை திருவிழாவை நிறுத்தினார்கள். புதன்கிழமை கடைகளைச் சாத்தினார்கள். வளைவில் அடித்த வேப்பங்கட்டையைப் பிடுங்க இரண்டு பேர் போனார்கள். கட்டை வந்தது. ஒன்றும் மாறவில்லை.

ஆடி முடிவதற்குள் பழைய டவுனில் வாந்திபேதியில் முப்பத்தொரு பேர் இறந்தார்கள். அதில் ஒன்பது குழந்தைகள், பிள்ளைத்தாச்சி இருவர். இராக்கம்மா செவ்வாய் மத்தியானமே போய்ச் சேர்ந்தாள். ஸைனப் தன் நாலு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு கொஸ்லந்தைக்குத் தகப்பன் வீட்டுக்குப் போனாள். புது ரோட்டில் ஒருவருக்கும் நோய் வரவில்லை. மீனாம்பாளும் குழந்தையும் பிழைத்தார்கள்.